ஏழு தடவை பிடிபட்ட அருள்நாதன்

எங்கள் தீவில் டெலானிபூர் மேட்டில் ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், 'கடல்வழி ஊடுருவல் பிடிப்பு மற்றும் நீண்டகாலப் போக்கு ஆய்வுப் பிரிவு' என்ற பலகையைப் படிக்கலாம். பாதி படிப்பதற்குள் வளைவு வந்துவிடும். மீதியைத் திரும்பி வரும்போது படித்துக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் ஊரில் யாருக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் கிராஃப் ஆபீஸ் என்று பெயர் வைத்துவிட்டோம்.

காரணம் உண்டு. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க ஒரே ஒரு கிராஃப்தான். அனுமதியில்லாமல் கடல் வழியாக வந்தவர்களில் வருஷத்துக்கு எத்தனை பேர் கைதானார்கள் என்று ஒரு சிவப்புக் கோடு. எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று ஒரு நீலக் கோடு. கைதுக்கும் பிடிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாத்தனமாக ஒருமுறை அங்கே கேட்டுவிட்டேன். "கைதுன்னா கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும். பிடிப்புன்னா கிராஃப்ல ஏத்தினா போதும்" என்றார்கள்.

இரண்டு கோடுகளும் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சுவரின் உச்சியில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கடைசி மூன்று வருஷமாகத் தரையில் படுத்திருந்தன. யாரும் வரவில்லை, யாரும் பிடிபடவில்லை. நல்ல செய்திதானே என்று நினைக்கிறவர்கள் அரசாங்க உத்தியோகம் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரிவின் தலைவர் பாலசுப்பிரமணியம் கும்பகோணத்துக்காரர். மூன்று வருஷத்துக்கு என்று மெயின்லேண்டிலிருந்து வந்தவர், பதினோரு வருஷமாகப் போகவில்லை. இந்தக் குடியரசு தினத்தன்று கொடியேற்றி, ஒன்பது ஊழியர்களுக்கும் பூந்தி கொடுத்துவிட்டுப் பேசினார்.

"கோடு மேல போச்சுன்னா, ஆபத்து ஜாஸ்தியாயிடுத்து, இன்னும் ஆள் வேணும்னு எழுதலாம். கோடு கீழ வந்துதுன்னா, நம்ம உழைப்பு பலிச்சிருக்கு, அதைக் காப்பாத்த இன்னும் ஆள் வேணும்னு எழுதலாம். படுத்துண்டிருக்கற கோட்டை வச்சுண்டு நான் என்னத்தை எழுத? வேலை முடிஞ்சுபோச்சுன்னு எழுத முடியுமோ? எந்த ஆபீஸாவது அப்படி எழுதியிருக்கா?"

ஊழியர்கள் கைதட்டினார்கள். பூந்தி கையில் இருந்ததால் சத்தம் மட்டும் வரவில்லை.

அவர் கவலைக்குக் காரணம் தில்லியிலிருந்து வந்த ஒரு கடிதம். பிப்ரவரி பதினான்காம் தேதி சனிக்கிழமை ஒரு கமிட்டி வரும்; கோட்டில் அசைவே இல்லையென்றால் பிரிவை மீன்வளத்துறையோடு சேர்த்துவிடுவார்கள்; ஊழியர்கள் இனி இறால் கணக்கெடுக்கலாம். புள்ளிவிவர உதவியாளர் கார்த்திகா, பெரார்கஞ்சிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிற பெண், "இறால்னா பரவாயில்ல சார், அது நிஜமாவே இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தாள். அவளுக்குப் பூந்தி இரண்டாம் தடவை கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அருள்நாதன் பிடிபட்டார்.

அருள்நாதனை ஜங்லிகாட்டில் தெரியாதவர்கள் இல்லை. தூத்துக்குடிக் குடும்பம், பிறந்தது இங்கே. டோங்கி என்று நாங்கள் சொல்லும் சின்ன மோட்டார் படகுகளுக்கு முப்பது வருஷமாக எஞ்சின் பார்க்கிறார். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினைப் பழுது பார்த்து முடித்ததும் மெக்கானிக் படகைக் கடலில் ஓட்டிப் பார்ப்பார். போகும்முன், தீவுவாசி என்று அரசாங்கம் கொடுத்திருக்கும் தன் ஐலண்டர் கார்டைப் படகுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். படகு கரைக்கு வந்தால்தான் கார்டு திரும்பும். கப்பல் டிக்கெட்டிலிருந்து சகலத்துக்கும் அந்தக் கார்டுதான் இங்கே ஆதாரம் என்பதால் அதைவிடப் பெரிய அடகு கிடையாது.

அன்றைக்கு முத்துகிருஷ்ணன் என்பவருடைய டோங்கி. அருள்நாதன் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நடுவழியில் எஞ்சின் நின்றது. நீரோட்டம் கிழக்கே இழுத்துக்கொண்டு போனது. மூன்று மணி நேரம் கழித்து எதிரே வந்தது கிராஃப் ஆபீஸின் ரோந்துப் படகு. அதை ஓட்டுகிற நெல்சன், அருள்நாதன் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெரு.

"அண்ணே, நீங்களா!" என்றான் நெல்சன். அப்புறம் படிவத்தை எடுத்தான். திசை: கடலிலிருந்து. கார்டு: இல்லை. மூன்றாவது கட்டம் என்று ஒன்று அந்தப் படிவத்தில் கிடையாது.

பாலசுப்பிரமணியம் வாசலுக்கே வந்து வரவேற்றார். டீ வந்தது. பிஸ்கட் வந்தது. அருள்நாதன் நெளிந்தார்.

"சார், போன தீபாவளிக்கு உங்க மச்சினர் படகுக்கு நாந்தான எஞ்சின் பாத்தேன். என்னைத் தெரியலயா?"

"நன்னாத் தெரியும். நீங்க அருள்நாதன். ஆனா அது என் சொந்த அறிவு, ஓய். அதை ஆபீஸுக்குக் கொண்டுவரப்படாது. ஆபீஸுக்கு நீங்க யாருன்னு தெரியாது. கார்டு இருக்கோ?"

"முத்துகிருஷ்ணன் கையில இருக்கு."

"வாங்கிண்டு வரச் சொல்லுங்கோ. போயிடலாம்."

முத்துகிருஷ்ணனுக்குப் போன் போயிற்று. அவர் நியாயஸ்தர். "எம் படகு எங்க? படகு வந்தா கார்டு. அதுதான நம்ம தொழில் தஸ்தூர்?" என்றார். படகோ பிடிபட்ட பொருள். ஆள் யாரென்று தெரிந்தால்தான் விடுவார்கள். ஆள் யாரென்று தெரியக் கார்டு வேண்டும். கார்டு வரப் படகு வேண்டும். கார்த்திகா இதை ஒரு தாளில் வட்டமாக வரைந்து அருள்நாதனிடம் காட்டினாள். அவர் வட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தலை கிறுகிறுத்தது.

நீலக் கோடு ஓர் அங்குலம் எழுந்தது. ஊழியர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மாலையில் அருள்நாதன் மனைவி அமுதம் டிபன் கேரியரோடும் ஒரு பையோடும் வந்தாள். பையில் ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, ஞானஸ்நானச் சீட்டு எல்லாம் இருந்தன. பாலசுப்பிரமணியம் ஒவ்வொன்றையும் பக்தியோடு தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க விதிப்புத்தகம் 2001-ல அச்சடிச்சது மாமி. அதுல ஆதார்னு ஒண்ணு இல்லை. மத்ததெல்லாம் அருள்நாதன்னு ஓர் இந்தியரோடது. இவர் இந்தியரா இல்லையான்னே இன்னும் முடிவாகலை. அப்படியிருக்கச்சே இவர் எப்படி அவரா இருக்க முடியும்?"

அமுதம் புருஷனைப் பார்த்தாள். "என்னங்க, இவரு தமிழ்தான் பேசுதாரா?"

"சார்," என்று அருள்நாதன் கையைக் கூப்பினார். "பதினாலாம் தேதி எம்மவ பிரிஸ்கில்லாவுக்கு ரங்கத்துல கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை, திங்கக்கிழமை ஏறிட்டா ஒன்பது மாசம் வரமாட்டாரு. புதன்கிழமை தவக்காலம் வேற ஆரம்பிச்சுரும், கோயில்ல கல்யாணம் வைக்கமாட்டாங்க. நான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போகாம அவ பலிபீடத்துக்குப் போகமாட்டாளாம். ஒரே பொண்ணு சார்."

"கவலையே படாதேள். அதுக்குள்ள திருப்பி அனுப்பிடுவோம்."

அருள்நாதன் நிம்மதியாகத் தூங்கினார். பாவம், திருப்பி அனுப்புவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது.

விதிப்புத்தகத்தின் ஒன்பதாம் பிரிவின்படி, எந்த நாடு என்று தெரியாதவரை அவர் எங்கிருந்து வந்தாரோ அங்கேயே கொண்டுபோய் விடவேண்டும். அருள்நாதன் கடலிலிருந்து வந்தார். எனவே மறுநாள் காலை அவரையும் டோங்கியையும் பன்னிரண்டு கடல்மைல் இழுத்துக்கொண்டு போய், இரண்டு லிட்டர் பெட்ரோலும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கடலில் விட்டார்கள்.

"இப்ப நான் எங்க போறது?" என்றார் அருள்நாதன்.

"அது ஒங்க நாட்டு விஷயம்ணே" என்று நெல்சன் படகுத் தளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவன்.

அருள்நாதன் எஞ்சினைத் தட்டிக்கொட்டிக் கிளப்பினார். வீடு இருக்கும் திசையில் விட்டார். நெல்சன் ஒரு டீ குடித்துவிட்டுப் பின்னாலேயே வந்து, கரைக்கு ஒரு மைல் இருக்கையில் அவரைப் பிடித்தான். திசை: கடலிலிருந்து. கார்டு: இல்லை.

இரண்டாவது பிடிப்பு.

இப்படியே மூன்று, நான்கு, ஐந்து என்று போயிற்று. பிடிப்பைத்தான் எண்ணவேண்டும், ஆளை எண்ணக்கூடாது என்று புத்தகத்தில் தெளிவாகவே இருந்தது. கார்த்திகா மட்டும் நான்காம் பிடிப்பின்போது பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், நாலு பேருக்கும் அம்பத்துமூணு வயசு, இடது கன்னத்துல மச்சம், கையில கிரீஸ். கமிட்டி பார்த்தா சிரிப்பாங்க."

"அப்ப வயசை ஏத்தி இறக்கிப் போடு. ஜனத்தொகைன்னா பரவலா இருக்கணும். ஒரு சின்னப் பையன், ஒரு கிழவர், நடுவுல ரெண்டு பேர்."

அதிலிருந்து அருள்நாதன் பத்தொன்பது வயதிலும் எழுபத்தெட்டு வயதிலும் பிடிபடத் தொடங்கினார். சாப்பாடு கொண்டுவந்த அமுதம் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைப் படித்துவிட்டாள்.

"இவருக்குப் பத்தொன்பது வயசா? அப்போ நான் யாருடி, இவருக்கு அம்மாவா?" என்று கார்த்திகாவைக் கேட்டாள். கேரியரை மேசை மேல் ஓங்கி வைத்தாள். ரசம் புள்ளிவிவரத்தின் மேல் சிந்தியது. கார்த்திகா அதைத் துடைக்கவில்லை.

ஆறாவது பிடிப்போடு நீலக் கோடு ஜன்னல் உயரத்துக்கு வந்தது. பாலசுப்பிரமணியம் அருள்நாதனுக்குத் தலையணை வாங்கிக் கொடுத்தார். ராத்திரி கொசு கடித்ததா என்று தினமும் விசாரித்தார். ஒருநாள் நெகிழ்ந்துபோய் அவர் தோளில் கைவைத்து, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா இந்த நாடு எங்கேயோ போயிடும் ஓய்" என்றார். சொன்னது என்ன என்று அவருக்கே விளங்கியதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. அமுதமும் சொந்தக்காரர்களும் முதல்நாளே வடக்கே இருக்கும் ரங்கத்துக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மாலை நாலரைக்குக் கல்யாணம். அருள்நாதன் இருந்தது டெலானிபூர் ஸ்டோர் ரூமில், இரண்டு பழைய பேட்டரிக்கும் உடைந்த நாற்காலிக்கும் நடுவில். ரோட்டு வழியாகப் போனாலும் காட்டைக் கடக்க, போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும் கான்வாய்க்குக் காத்திருக்க வேண்டும். அங்கே முதலில் கேட்பதே கார்டுதான். அவருக்கு அழுகை வந்துவிட்டது. கார்த்திகாவுக்கும் கண் கலங்கியது. யாரோ ஒருவர் டீ கொண்டுவந்து வைத்தார்.

ஒன்பது மணிக்குக் கமிட்டி வந்தது. கமிட்டி என்றால் ஒரே ஆள்தான். மற்ற நான்கு பேரும் கடற்கரை பார்க்கப் பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டார்கள். வந்தவர் திருநாவுக்கரசு, தில்லியில் பெயர் பெற்ற போக்கு நிபுணர். வேலூர்க்காரர். பத்து நிமிஷம் கோட்டின் முன்னால் அசையாமல் நின்றார்.

"அருமையான ஏற்றம்" என்றார். "நான் முப்பது வருஷமா கோடு பார்க்கிறேன். கோடு ஏறுதா இறங்குதான்னு பார்க்கிறவன் கத்துக்குட்டி. கோடு அசையணும், அவ்வளவுதான். அசையுற கோட்டுக்குத்தான் பட்ஜெட்ல இடம். சரி, பிடிபட்டவங்களைப் பார்க்கலாமா?"

பாலசுப்பிரமணியம் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதினோரு வருஷ அனுபவம் சும்மா போகுமா? அருள்நாதனை ஒரு சட்டையில் அழைத்து வந்தார்கள். இவர் முதலாமவர். வெளியே கொண்டுபோய் லுங்கி மாற்றி, இரண்டாமவர். தலையில் துண்டு கட்டி மூன்றாமவர். எழுபத்தெட்டு வயதுக்காரராக வரும்போது ஒரு தொளதொளத்த சட்டையும் கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள். பத்தொன்பது வயதுக்காரராக வரும்போது குடையை வாங்கிக்கொண்டார்கள்.

ஆறாவது முறை அவர் உள்ளே வந்ததும் திருநாவுக்கரசு கையை உயர்த்தினார்.

"எல்லாருக்கும் ஒரே முகம்" என்றார்.

"சார்..." என்றார் பாலசுப்பிரமணியம்.

"எல்லாருக்கும் ஒரே இடத்துல மச்சம். எல்லார் கையிலயும் கிரீஸ். பாலசுப்பிரமணியம், இது உங்களுக்குப் புரியுதா? இது தனித்தனி ஆளுங்க இல்ல. இது ஒரு கும்பல். ஒரே குடும்பத்துல ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்காங்க!" அவர் பேனாவைத் திறந்தார். "பன்னிரண்டு புதுப் பணியிடம் எழுதிக்கங்க. ரங்கத்துல ஒரு கிளை ஆபீஸ்."

"சார், நான் ஒரே ஆளு சார்!" என்று அருள்நாதன் கத்தினார். "எஞ்சின் மெக்கானிக்கு சார்! இன்னிக்கி சாயங்காலம் எம் பொண்ணுக்குக் கல்யாணம் சார்!"

திருநாவுக்கரசு பரிவோடு குறித்துக்கொண்டார். நோக்கம்: உள்ளூரில் திருமண உறவு ஏற்படுத்துதல். பிறகு பேனாவை மூடினார். "திருப்பி அனுப்புறதையும் ஒருமுறை செஞ்சு காட்டுங்க. கமிட்டி முன்னாடிங்கறதால சாதாரணமா வேணாம். நாடு கடத்தல்னே போடுங்க. நிரந்தரமா."

பாலசுப்பிரமணியம் பேனாவை எடுத்தார். இத்தனை பெரிய உத்தரவில் அவர் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. நின்றுகொண்டே போட்டார். ஆனால் கடத்துவதற்கு முன் பிடித்திருக்க வேண்டுமே என்று ஞாபகம் வந்து, அறையின் நடுவில் நின்ற அருள்நாதனைத் தோளைத் தொட்டு இன்னொரு முறை பிடித்தார்.

ஏழாவது பிடிப்பு. நீலக் கோடு ஜன்னலைத் தாண்டியது.

பத்தரை மணிக்கு ரோந்துப் படகு கிளம்பியது. டோங்கி பின்னால் கயிற்றில் வந்தது. அருள்நாதன் படகின் ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாவது மைலில் நெல்சன் எஞ்சினை நிறுத்தி, உத்தரவை எடுத்துப் படித்தான். மறுபடி படித்தான்.

"அண்ணே, ரங்கத்துல எத்தன மணிக்குக் கல்யாணம்?"

"நாலரைக்கு. ஏன்டா கேட்டு வயித்தெரிச்சலக் கொட்டுத?"

"பன்னெண்டு மைலுக்கு அப்பால கொண்டுபோய் விடணும்னு போட்டிருக்கு. எந்தப் பக்கம்னு போடல. எவ்வளவு அப்பாலன்னும் போடல." நெல்சன் வடக்கே பார்த்தான். "ரங்கத் அப்பாலதாண்ணே இருக்கு. கமிட்டி வருதுன்னு டாங்க் ஃபுல்லா ரொப்பிக் குடுத்திருக்கானுங்க. சலோ, உக்காருங்க."

அருள்நாதன் அவனைக் கட்டிக்கொண்டார். படகு நாலு மணி நேரம் ஒரே மூச்சில் வடக்கே போனது. கடல் அன்று தாம்பாளமாகக் கிடந்தது. ரங்கத் ஜெட்டிக்கு ஒரு மைல் முன்னால் நெல்சன் கயிற்றை அவிழ்த்து, ரசீதில் முறைப்படி கையெழுத்து வாங்கி, அவரை நாடு கடத்தினான். பிறகு தானும் கல்யாணத்துக்கு வரவேண்டியவன் என்பதால் வேறு பக்கமாகச் சுற்றி வந்து படகைக் கட்டினான்.

நானும் அந்தக் கோயிலில்தான் இருந்தேன். சாமியார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாயிற்று. பிரிஸ்கில்லா வாசற்படியில் நின்றவள் நகரவே இல்லை. சித்தப்பா கையை நீட்டியும் பிடிக்கவில்லை. நாலே முக்காலுக்கு, முழங்கால் வரை நனைந்த பேண்ட்டும், எழுபத்தெட்டு வயதுக்காரருக்குக் கொடுத்த சட்டையுமாக அருள்நாதன் ஓடி வந்தார். அவள் "அப்பா" என்றாள். இருவரும் கைபிடித்து உள்ளே நடந்தார்கள்.

விருந்துக்கு முத்துகிருஷ்ணனும் வந்திருந்தார். பந்தியில் உட்காரும்முன் ஜெட்டிக்குப் போய்த் தன் டோங்கியைச் சுற்றிப் பார்த்தார், எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார். திரும்பி வந்து சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து, "எஞ்சின் நல்லா ஓடுதுப்பா" என்று கொடுத்துவிட்டு பிரியாணிக்கு உட்கார்ந்தார்.

அப்போதுதான் போன் அடித்தது. பாலசுப்பிரமணியம்.

"கல்யாணம் நன்னா நடந்துதா? குழந்தைக்கு என் ஆசீர்வாதம். இது சொந்த முறையில பேசறேன். முத்துகிருஷ்ணன் கார்டைக் குடுத்துட்டாரோ?"

"குடுத்துட்டாரு சார்."

"ஐயையோ. யார்ட்டயும் காட்டிடாதேள். நீங்க இந்தியர்னு தெரிஞ்சா ஏழு பேரும் போயிடுவா. பன்னெண்டு போஸ்ட்டும் போயிடும். அப்புறம் இன்னொரு விஷயம். கோடு இதே மாதிரி ஏறிண்டே இருக்கணும்னு கமிட்டி எழுதியிருக்கு. வர்ற வியாழக்கிழமை சௌகரியப்படுமா? ஒரே ஒரு தடவை. உச்சி வெயிலுக்கு முன்னாடி பிடிச்சுடறோம்."

அருள்நாதன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"எப்படி சார் வர்றது? காலையிலதான என்னை நாடு கடத்துனீங்க, நிரந்தரமா. உத்தரவுல நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? நான் இப்ப இந்த நாட்டுலயே இல்ல சார்."

மறுமுனையில், இதற்கு விதி எதுவும் இருக்கிறதா என்று புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. அருள்நாதன் போனை அணைத்துப் பையில் போட்டார். கையைக் கழுவிவிட்டு, மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் போய் போட்டோவுக்கு நின்றார்.